வெங்காயம் போன வழி

முதலில் மூட்டை ஏறும். பிறகுதான் மொக்கம்மாள் ஏறுவாள்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் சந்தைக்குப் போகிற வண்டி எதுவானாலும் சரி, யாருடையது என்று அவள் பார்ப்பதில்லை. "ஏப்பா, இந்த வெங்காய மூட்டைய மட்டும் போட்டுக்கிட்டுப் போ. நான் பொடிநடையா வாரேன்" என்று பின்பக்கம் தூக்கிப் போட்டுவிடுவாள். மூட்டைக்கு யார் வாடகை கேட்பார்கள்? பிறகு வண்டியை ஒட்டி நடந்துகொண்டே ஒரு கதையை ஆரம்பிப்பாள். யார் வீட்டில் எவள் கோபித்துக்கொண்டு போனாள், எந்தத் தோட்டத்துக் கிணற்றில் எவன் விழுந்தான் என்று கதை சூடுபிடிக்கிற இடத்தில் அவள் நடை தளர்ந்துவிடும். இரண்டடி பின்தங்குவாள். குரல் எட்டாது. வண்டிக்காரனுக்கு இருப்புக்கொள்ளாது. "ஏறித் தொலையேன் அக்கா, மீதியச் சொல்லு" என்று அவனே கயிற்றை இழுத்து நிறுத்துவான்.

மெலிந்த கறுத்த உடம்பு. காதில் தண்டட்டி ஆடும். கட்டியிருக்கிற சேலை ஒரு மாதிரிச் செங்காவி நிறத்தில் இருக்கும். எந்தக் கடையிலும் அந்த நிறம் கிடைக்காது. சாயம் போன சேலையை வெங்காயத் தொலியோடு வேகவைத்து அவளே ஏற்றிய நிறம் அது. மிஞ்சிய தொலி காய்ந்து தலையணைக்குள் போகும். தீக்குச்சியை நெடுக்கே பிளந்து இரண்டாக்குவாள். கஞ்சம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். "நான் என்னா திங்காமயா கெடக்கேன்? வீணாக்கல, அம்புட்டுத்தேன்."

அவள் புருஷன் தவசி கம்பம் கடைவீதியில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்க்கிறான். பேசுவது குறைவு, பயப்படுவது அதிகம். சின்ன இறக்கம் வந்தாலே இறங்கி உருட்டுகிற ஆள். கடையில் கழித்துப்போட்ட உருப்படிகளை ஒவ்வொன்றாய்ச் சேர்த்துத் தனக்கென்று ஒரு சைக்கிள் கட்டியிருந்தான். முன்சக்கரம் ஒரு கம்பெனி, பின்சக்கரம் இன்னொரு கம்பெனி. மட்கார்டு கிடையாது. பின்னால் காரியர் மட்டும் கட்டில் மாதிரி உறுதி.

போன வருஷம் சந்தையில் ஒரு மலையாளத்து வியாபாரி அவளிடம் மொத்தமாக வெங்காயம் வாங்கினார். இதெல்லாம் எங்கே போகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டாள். "முண்டக்கயம், கோட்டயம், அவிடந்து வள்ளத்தில் கேற்றி ஆலப்புழை. கடற்கரை வரை போகும் அம்மே" என்றார் அவர். அன்றைக்குச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மொக்கம்மாள் கையை உதறிவிட்டுச் சொன்னாள்:

"என் வெங்காயம் வள்ளத்துல, படகுல ஏறியிருக்கு, மாமா. கடலப் பாத்திருக்கு. நான் இங்கன உக்காந்து தொலி உரிச்சுக்கிருக்கேன். நாமளும் போறோம்."

தவசி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். மலைக்கு அந்தப்புறம் திருவாங்கூர் மகாராஜாவின் சீமை. பாஷை வேறு, சட்டம் வேறு, காசு வேறு. அங்கே சக்கரம் என்கிற நாணயந்தான் செலாவணி. சாவு விழாமல், சம்பந்தம் பேசாமல், வியாபாரம் இல்லாமல் வேற்றுச் சீமைக்கு எவன் போவான்? அதுவும் பெண்டாட்டியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு?

"பஸ்ஸுக்குக் குடுக்க நம்மகிட்ட எங்கன இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தான்.

"பஸ் எதுக்கு? சைக்கிளு புல்லா திங்குது? குமுளி வரைக்கும் அரிசி வண்டி போகுது. அங்கிட்டு மிதிப்போம். காச மாத்துனா அவன் கழிவு புடிப்பான். அதுனால காசே வேணாம், வெங்காயத்தக் கொண்டு போவோம். வெங்காயத்துல எந்த ராசா தலையப் போட்டுருக்காக? எங்கன போனாலும் செல்லும்."

தவசி எழுந்துபோய்ச் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டான்.

காரியரின் இரு பக்கமும் தொங்குகிறாற்போல ஒரே கயிற்றில் இரண்டு சிறு மூட்டை வெங்காயம், ஒரு பொட்டலம் மிளகாய் வற்றல், புளிச்சோறு, ஒரு சட்டி, ஒரு ஜமுக்காளம். அவ்வளவுதான் சாமான். மலைப்பாதை முழுவதும் அரிசி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, ஓட்டுகிறவருக்குக் கதை சொல்லியே குமுளி வந்து சேர்ந்தார்கள். எல்லையில் சுங்கச் சவுக்கையில் சேவகர் மூட்டையைத் தட்டி, "புகையில உண்டோ?" என்று கேட்டார். மொக்கம்மாள் மிளகாய்ப் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். தும்மிக்கொண்டே அவர் கையைக் காட்டினார், போ என்று.

சவுக்கைக் கம்பைத் தாண்டியதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மாமா, இது வேத்துச் சீமை மண்ணு! நம்மூரு மாதிரியேதேன் இருக்கு!" என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். வண்டிப்பெரியாறு தாண்டித் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. பறித்துக்கொண்டிருந்த பெண்களில் பாதிப்பேர் தேனிப் பக்கத்து ஆட்கள். ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டு, "ஏய், இங்க பாரு, பொம்பள சைக்கிள்ல வாரா!" என்று கத்தினாள். மொக்கம்மாள் மகாராணி மாதிரிக் கையை ஆட்டினாள். அன்று இராத்தங்கலுக்குத் தோட்டத்து ஆட்களின் லயத்து வரிசை வீட்டில் இடமும் சுடுகஞ்சியும் கிடைத்தன. பதிலுக்கு இரண்டு கை வெங்காயமும் ஊர்ச் சேதி அத்தனையும் கொடுத்தாள்.

மறுநாள் காலை குட்டிக்கானத்தில் மேடு முடிந்தது. அங்கிருந்து முண்டக்கயம்வரை இறக்கம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பள்ளத்தில் மேகம் நிறைந்து கிடந்தது. தவசி வழக்கம்போல இறங்கி நின்றுகொண்டான்.

"உருட்டிக்கிட்டே போயிருவோம், புள்ள. பிரேக்குக் கட்டை பழசு."

"நேத்து மேடு பூராம் உருட்டித்தான ஏறுனோம்? அதுக்குக் கூலியே இந்த எறக்கந்தேன். கூலிய வேணாம்னு சொல்ற ஆளு உண்டா மாமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை. ஏறி உட்கார்ந்தான்.

முதல் வளைவு மெதுவாகப் போயிற்று. இரண்டாவதில் காற்று காதில் விசிலடித்தது. மொக்கம்மாளின் முந்தானை பின்னால் கொடி மாதிரி பறந்தது. "போகட்டும்! போகட்டும்!" என்று அவன் முதுகில் தட்டினாள். ஈரமான இலை வாசனையும் எங்கோ அருவி விழுகிற இரைச்சலுமாக மலை அவர்களைத் தாண்டி மேலே ஓடியது. தவசியே சிரித்துவிட்டான்.

அப்போது ரப்பர் கருகுகிற நாற்றம் வந்தது. பிரேக்கை அழுத்தினான். கிறீச்சென்றது. மறுபடி அழுத்தினான். சத்தம்கூட இல்லை.

"புள்ள, பிடிக்கல!"

கீழே வளைவு தெரிந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை, மேகந்தான். தவசி செருப்புக் காலை முன்சக்கரத்தின்மேல் வைத்து மிதித்தான். செருப்பு தெறித்துப் போயிற்று. குதி என்று கத்தினான். அவள் குதிக்கவில்லை. கயிற்றின் நுனியைக் காரியர் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரு மூட்டையையும் பின்னால் தள்ளிவிட்டாள். ஊர் ஊராய் அவர்களுக்குச் சோறு போட வேண்டிய வெங்காயம் தரையில் மோதி, இழுபட்டு, நங்கூரம் மாதிரிப் பின்னாலிருந்து பிடித்தது. சாக்கு கிழிந்தது. வெங்காயம் சிதறிச் சைக்கிளோடு போட்டி போட்டு உருண்டது. வேகம் குறைந்த அந்தக் கணத்தில் தவசி பாறைப் பக்கம் ஒடித்தான். இரண்டு பேரும் ஓடைச் சேற்றில் போய் விழுந்தார்கள்.



மொக்கம்மாள் எழுந்து முதலில் அவன் தலையைத் தடவினாள். பிறகு கை, முட்டி, விரல் ஒவ்வொன்றாக. முழங்கால் தோல் உரிந்திருந்தது, வேறொன்றும் இல்லை. அப்புறந்தான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். வளைவு முழுக்க வெங்காயம். பாதி நசுங்கி வாடை ஆளைத் தூக்கியது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அழுகிறாளோ என்று தவசி பயந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஏறிவந்த மாட்டுவண்டி ஒன்று நின்றது. ஓட்டி வந்தவர் கம்பத்துப் பக்கத்துக் கூடலூர்க்காரர். "யாரு ஆத்தா ரோட்டுல வெங்காயம் வெதச்சது?" என்று கேட்டபடி இறங்கிப் பொறுக்க உதவினார். பிறகு அரிவாளை எடுத்து இலையோடு ஒரு பெரிய கிளையை வெட்டிச் சைக்கிளின் பின்னால் கட்டிவிட்டார். "பாரம் ஏத்துன வண்டியெல்லாம் இப்பிடித்தேன் எறங்கும். வால் இருந்தா தலைக்கு ஆபத்தில்ல."

தழை ரோட்டைக் கூட்டிக்கொண்டே வர, தூசிப் படலத்தோடு முண்டக்கயம் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஔசேப்பு என்பவரின் சாயாக்கடை. நசுங்கின வெங்காயத்தைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். மொக்கம்மாள் விடவில்லை. "நசுங்குனா என்னாய்யா? நறுக்குற வேல மிச்சம். சட்டிய வைய்யி."

அவளே அடுப்பருகே உட்கார்ந்து மிளகாயோடு வதக்கினாள். வேகவைத்த கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கின்மேல் அதை வைத்ததும் கடையிலிருந்தவர்கள் இன்னொரு தட்டு கேட்டார்கள். அன்றைக்கு வெங்காயம் அத்தனையும் அங்கேயே தீர்ந்தது. கூலியாக ஔசேப்பு சாப்பாடும், படுக்க இடமும், தவசிக்குப் புது பிரேக்குக் கட்டையும், கை நிறையச் சக்கரக் காசும் கொடுத்தார். "வேண்டாம்னு சொன்ன காசு தானா வருது பாரு" என்றாள் அவள், முந்தானையில் முடிச்சுப் போட்டபடி.

கோட்டயத்தில் மோட்டார் வள்ளத்தில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார்கள். ரோட்டுக்குப் பதில் தண்ணீர். வீட்டு வாசலில் ஆளுக்கொரு ஓடம். தவசி கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். மொக்கம்மாள் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது புதிது.

ஆலப்புழைக் கடற்கரையில் முழங்கால்வரை இறங்கி நின்றாள். அலை வந்து தள்ளியது. தள்ளட்டும் என்று நின்றாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினாள். "இம்புட்டுத் தண்ணிய வச்சுக்கிட்டு ஒரு பாத்திக்குப் பாய்ச்ச வழியில்லையே! என்னா வீணு!" என்று கோபப்பட்டாள். அந்தக் கோபத்தோடேயே பொழுது சாயும்வரை அங்கே நின்றாள். தவசி மணலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்புகிற வழிக்கும் அவளிடம் ஒரு யோசனை இருந்தது. கோட்டயத்திலிருந்து குமுளிக்குக் கருவாடு ஏற்றிப்போகும் ஞானசிகாமணி என்பவரின் லாரியில், மேட்டில் வண்டி திணறி நிற்கப்போகிறபோதெல்லாம் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தவசியைக் காட்டினாள். இறக்கத்துக்கு நடுங்கிய மனிதன், மலை முழுவதும் ஓடுகிற லாரியிலிருந்து குதித்துக் குதித்துக் கட்டை வைத்தான். கருவாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து மொக்கம்மாள் அவனுக்குக் கைதட்டிக்கொண்டு வந்தாள்.

ஊரில் பேச்சு பலமாக இருந்தது. பொட்டச்சிக்கு இது தேவையா என்றார்கள் சிலர். அவள் யாரிடமும் வாதாடவில்லை. அடுத்த சந்தையில் அவள் வெங்காயக் கூறின் முன்னால் கூட்டம் இரட்டித்தது. கடலைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப முடியுமா?

இந்தப் போன சந்தையில் பிச்சைமணி என்றொருவர் வந்திருந்தார். இலங்கையில் தோட்டக் கங்காணியாக இருந்து லீவில் வந்தவர். வெங்காயம் வாங்கிக்கொண்டே பேசினார்: "அங்கிட்டும் மலைதேன் அக்கா. நம்ம பக்கத்து சனங்க எம்புட்டோ பேரு இருக்காக. தனுஷ்கோடியில கப்பல் ஏறுனா அக்கரை. ரோடு பூராம் தாரு போட்டு வழவழன்னு கெடக்கும்."

சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்ற தவசி அவசரமாகக் குறுக்கிட்டான். "கப்பல் ஏறுறதுக்கு முன்ன மண்டபம் கேம்புல புடிச்சு வச்சு ஊசி போடுவாகளாம். பெரிய ஊசியாம்."

 மொக்கம்மாள் தராசைக் கீழே வைத்தாள். எழுந்து போய், புளியமரத்தில் சாய்த்திருந்த சைக்கிளருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின்சக்கரத்து டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.