ரயில் ஓடாத ஞாயிறும் என் பழைய பார்ட்னரும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழை தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை மாட்டுங்காவில் ஒரு பாட்மிண்டன் அரங்கத்தின் வாசலில், போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றேன். உள்ளே மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரோடு சேர்த்துக் கூப்பிடப்பட்ட இன்னொரு பெயருக்குச் சொந்தக்காரன், என் டபுள்ஸ் பார்ட்னர், மான்குர்த் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணா, மெகா பிளாக்ணா! குர்லா பக்கம் வண்டியே கிடையாதாம்" என்றான்.

மெகா பிளாக் என்றால் மும்பைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டவாளத்தைப் பழுது பார்க்க, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு தடத்தில் லோக்கல் ரயில்களை மணிக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே அறிவிப்பும் வந்துவிடும். நானும் முந்தின நாளே போன் பண்ணி, "நாளைக்கு ஹார்பர் லைன்ல மெகா பிளாக்டா, பஸ்ல வந்துடு, சித்த சீக்கிரமா கெளம்பு" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "பாத்துக்கலாம்ணா, டென்ஷன் மத் லோ" என்றான். பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

"ஆட்டோ பிடிச்சு வாடா!" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். மழையில், அதுவும் ரயில் இல்லாத நாளில், மான்குர்த்தில் ஆட்டோ கிடைப்பதற்குள் மேட்ச்சை முடித்து அரங்கத்தைப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்கே தெரியும்.

டபுள்ஸ் ஆடுகிறவனின் பிழைப்பே இப்படித்தான். சிங்கிள்ஸ் ஆடுகிறவன் ரயிலைத் தவறவிட்டால் அவனோடு போயிற்று. டபுள்ஸில் ஒருத்தன் வராவிட்டால் மற்றவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பிரயோஜனம் இல்லை. எதிரிக்கு வாக்ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி, நமக்கு வீடு. இது புரியாமல் கல்யாண வீடுகளில் மாமாக்கள், "டபுள்ஸா? ஏன், சிங்கிள்ஸ்ல எடம் கெடைக்கலையோ?" என்று கேட்பார்கள். ரயிலில் ஜன்னல் சீட் கிடைக்காதவனை விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். இருபது வருடமாக இதற்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அன்றைக்கு அந்த மேட்ச் எனக்கு சாதாரண மேட்ச் இல்லை. நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் பேங்க் வேலைக்கு வந்தவன். காலையில் கவுண்டர், மத்தியானத்துக்கு மேல் பயிற்சிக்கு அனுமதி. வயது முப்பதைத் தாண்டி, முழங்கால் இரண்டும் முனக ஆரம்பித்திருந்தன. சமீபத்தில் எந்தப் போட்டியிலும் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. மேனேஜர் கூப்பிட்டு, இந்தப் போட்டியில் கால் இறுதிக்காவது போனால் பயிற்சி அனுமதி தொடரும், இல்லாவிட்டால் மறுநாளிலிருந்து முழு நேரமும் கவுண்டர்தான் என்று நயமாகச் சொல்லிவிட்டார். பயிற்சி போனால் ஆட்டம் போச்சு. அந்த ஒரு மேட்ச்சை ஜெயித்தால் கால் இறுதி.

இத்தனையும் போதாதென்று, எதிரில் ஆட வந்திருந்தவன் என் பழைய பார்ட்னர். தாராவிக்காரன், திருநெல்வேலிப் பூர்வீகம், என் வயதுதான். பல வருடம் ஒன்றாக ஆடியிருக்கிறோம், கோப்பைகளும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அவனோடு ஆடுவதற்குப் பொறுமை வேண்டும். சாக்ஸை உதறி உள்ளே பார்த்து மாட்டுவான். ஷூ கயிற்றைக் கட்டுவான், திருப்தி இல்லாமல் அவிழ்ப்பான், மறுபடி கட்டுவான். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ராக்கெட் நரம்புகளை விரலால் நேராக்குவான். தண்ணீர் குடித்தால் பாட்டில் மூடியைத் திருகி, தலைகீழாகப் பிடித்து ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். எனக்கோ எல்லாம் சட்டுசட்டென்று நடக்க வேண்டும். ஒரு நாள், "உன்னோட ஆடறதுக்குள்ள நேக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

அப்படி நான் தேடிக்கொண்ட மின்னல் வேகக்காரன்தான் மான்குர்த்தில் நின்றுகொண்டிருந்தான்.

நான் தனியாக உள்ளே போய் ரெஃபரியின் மேசை முன் நின்றேன். அவர் ஒரு மராட்டிக்காரர், கறார் பேர்வழி. "பார்ட்னர் குடே?" என்றார். வந்துகொண்டிருக்கிறான் என்றேன். எல்லாரும் வந்துகொண்டுதான் இருப்பார்கள் என்ற முகத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார். பழைய பார்ட்னரும் அவனுடைய புது ஜோடியான குஜராத்திக்காரனும் பக்கத்திலேயே நின்றார்கள். குஜராத்திக்காரனுக்கு விஷயம் புரிந்து முகம் மலர்ந்துவிட்டது. ஒரு பந்தைக்கூட அடிக்காமல் கால் இறுதி என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அப்போதுதான் பழைய பார்ட்னர் வாயைத் திறந்தான். "சார், மேரா ரெஸ்ட் பாக்கி ஹை" என்றான்.

அவன் அன்றைக்குக் கலப்பு இரட்டையரும் ஆடிக்கொண்டிருந்தான். அந்த மேட்ச் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் முடிந்திருந்தது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அரை மணி ஓய்வு கேட்க விதியில் இடம் உண்டு. ஆனால் அது ஊதித் தள்ளிய மேட்ச், அவன் சட்டை நனையக்கூட இல்லை. ரெஃபரி அவனை மேலும் கீழும் பார்த்தார். குஜராத்திக்காரன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். இவன் பெஞ்சில் போய்ச் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். விதி விதிதான், ரெஃபரி எங்கள் மேட்ச்சை அரை மணி தள்ளி வைத்தார்.

எனக்கு சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது. மனுஷன் இன்னும் மாறவே இல்லையே என்று நினைத்தேன். போனில் விசாரித்தால் என் ஆளுக்கு ஆட்டோ கிடைத்துவிட்டிருந்தது. ஆனால் மும்பையில் ஆட்டோ மாட்டுங்காவுக்கு முன்னால் இருக்கிற சயானோடு சரி, அதைத் தாண்டி நகரத்துக்குள் விடமாட்டார்கள்.

அரை மணி முடிந்தது. கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். பழைய பார்ட்னர் எழுந்தான், ஷூவைப் பார்த்தான், உட்கார்ந்தான், கயிற்றை அவிழ்த்தான். எனக்குச் சாதகமான தாமதம் என்று தெரிந்தும், அந்தக் கயிற்றைப் பிடுங்கி நானே கட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. பழக்கதோஷம்.

கடைசி அழைப்பு என்று மைக்கில் சொன்னார்கள். கோர்ட் ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து பாட்டில் நழுவியது. மூடி இல்லாத பாட்டில். தண்ணீர் முழுக்க கோர்ட்டுக்குள் பரவியது.

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துச் சோதித்துவிட்டு வைக்கிற ஆள் அவன். இத்தனை வருடத்தில் அவன் கையிலிருந்து ஒரு சொட்டு சிந்தி நான் பார்த்ததில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் சீலிங்கைப் பார்த்தான்.

துடைப்பம் வந்தது. ஈரம் போகவில்லை, துணி வந்தது. ரெஃபரி முணுமுணுத்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் உன்னையே வெளியேற்றிவிடுவேன் என்று அவனிடம் விரலை ஆட்டினார். குஜராத்திக்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். தரை காய்வதற்கும், என் மான்குர்த்காரன் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து விழுவதற்கும் சரியாக இருந்தது. கிட்டத்து சவாரி வேண்டாம் என்று டாக்ஸிக்காரர்கள் மறுத்துவிட்டதால் சயானிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். "சாரிணா, சாரிணா" என்றான். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து நான் துண்டை மட்டும் நீட்டினேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்க்கையின் மிக நல்ல ஆட்டம் அது. முதல் செட் அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது கடைசி வரை இழுத்தது. மேட்ச் பாயிண்ட் அவர்கள் பக்கம். பழைய பார்ட்னர் உயரத் தூக்கி அடித்தான். பின்னால் நின்ற என் ஆள் அடிக்க ராக்கெட்டை ஓங்கினான். பந்து வெளியே போகிறது என்று எனக்குத் தோன்றியது. "விடு!" என்று கத்தினேன். நல்ல பையன், சொன்ன பேச்சைக் கேட்டு ராக்கெட்டை இறக்கிவிட்டான். பந்து கோட்டின் மேலேயே விழுந்தது.

வலைக்கு மேல் கை குலுக்கும்போது பழைய பார்ட்னரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். "எதுக்குடா தண்ணியக் கொட்டினே?"

"கை வழுக்கிட்டுலே."

"பொய் சொல்லாதே. சும்மா நின்னிருந்தா வாக்ஓவர் கெடைச்சிருக்குமே."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒன்னத் தோக்கடிக்கணும்னு எத்தன நாளா காத்துக் கெடக்கேன் தெரியுமாலே? நீ எறங்காம, வெறுங்கோர்ட்டயா தோக்கடிக்க முடியும்? போலே" என்று கையை உதறிவிட்டுப் போனான்.

மேனேஜர் சொன்னதைச் செய்தார். இப்போது நான் முழு நேரமும் கவுண்டரில் உட்காருகிறேன். ஆட்டத்தை ஏன் நிறுத்தினீர்கள் என்று வாடிக்கையாளர்கள் யாராவது கேட்பார்கள். அன்றைக்கு வாக்ஓவரில் போயிருந்தால், பாழாய்ப்போன மெகா பிளாக்கையும் மான்குர்த்காரனையும் ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்திருக்கலாம். புலம்புவதில் நான் சூரன், எனக்கு அது எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்கும்! அதைக் கெடுத்துவிட்டான் பாவி. "கோட்டில் விழுந்த பந்தை வெளியே என்று நினைத்தேன், தோற்றேன்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது. அப்படிச் சொல்லும்போதெல்லாம் மனசு என்னவோ லேசாகிவிடுகிறது, அதற்காகவும் சேர்த்து அவன் மேல் கோபம் கோபமாக வருகிறது.