குதிரைவீரன் மாயாண்டி

துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் தங்கிச் சாரம் கட்டுகிற பாலகுருவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிரிட்டனின் பழங்கதைகளை எடுத்து, வாளும் மந்திரமும் பனிமூட்டமுமாகத் தமிழில் நாவல் எழுதுவான். எழுதுவதென்றால் மேசை நாற்காலி போட்டு அல்ல. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தட்டித் தட்டி, வாரம் ஓர் அத்தியாயம் ஒரு கதை ஆப்பில் போடுவான். பிரிட்டனை அவன் பார்த்ததில்லை. துபாயையே சாரத்தின் மேலிருந்துதான் பார்த்திருக்கிறான்.

கதையில் வரும் ராஜாவின் வீரர்களுக்கெல்லாம் தன் ரூம்காரர்களின் குணத்தைத்தான் கொடுப்பான். தான் எந்த ஆளாக வருகிறோம் என்று தெரியாமல் அந்த ரூமில் எவனுக்கும் சோறு இறங்காது. சமையல் பார்க்கும் சுஐபுதான் மந்திரவாதி. முதுகுளத்தூர்ப் பக்கத்து மாயாண்டி ராஜாவின் குதிரைவீரன். வாட்டசாட்டமான ஆள், குறட்டை பக்கத்து ரூமுக்குக் கேட்கும். ஊரில் அவன் மனைவி நாகவள்ளி ஓர் அத்தியாயம்கூட விடமாட்டாள். புருஷன் போனில் சொல்லாததெல்லாம் அவளுக்குக் கதையில் கிடைத்துவிடும்.

ரூமுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விசா கேன்சலாகி ஊருக்குப் போகிறவனின் பாத்திரம் அந்த வாரக் கதையில் போரில் செத்தாக வேண்டும். அதைச் சத்தமாகப் படித்து, பிரியாணி போட்டுத்தான் ஆளை ஏர்போர்ட்டுக்கு அனுப்புவார்கள். "என்னைய லேசுல சாகடிச்சிராதடா, நாலு பேரையாச்சும் வெட்டிட்டுத்தான் விழுவேன்" என்று மாயாண்டி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவில் மாயாண்டி எழுந்திருக்கவில்லை. லீவு நாளில் தூங்குகிறவனை எழுப்புவது கேம்பில் பெரிய பாவம். அதனால் சத்தமில்லாமல் துணி துவைத்தார்கள், சமைத்தார்கள், டிவியை ஊமையாக்கிப் பார்த்தார்கள். குறட்டை இல்லையே என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை. மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு சுஐபு தோளைத் தொட்டான். உடம்பு சில்லிட்டிருந்தது.

பெட்டி ஊருக்குப் போனது. காலியான கட்டிலுக்குக் கம்பெனி வேறு ஆளை அனுப்பியது. அதில் மட்டும் என்ன வேகம்! பாலகுரு அழவில்லை. டூட்டிக்குப் போனான், பைப்பை மாட்டினான், வந்து சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. மனசு மரத்துப்போயிருந்தது.

"முறையா அவனையும் கதையில அனுப்பி வச்சிரு பாலா. இல்லாட்டி எங்களுக்கு மனசு ஆறாது" என்றான் சுஐபு.

அதற்குள் நாகவள்ளி போன் செய்தாள். "அண்ணே, இங்கன எல்லாம் முடிஞ்சு போச்சு. உங்க கதையில மட்டுந்தான் அவுக இன்னும் இருக்காக. அங்கயும் சாகடிச்சிராதீகண்ணே."

"சரிம்மா" என்றான். வேறென்ன சொல்வது?

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு அந்தப் பழங்கதைகளே வழிவிட்டன. மலைக்கடியில் ஒரு குகையில் ராஜாவும் வீரர்களும் சாகாமல் தூங்குகிறார்களாம். வாசலில் தொங்கும் மணியை அடித்தால் எழுந்து வருவார்களாம். குதிரைவீரனை அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தான் பாலகுரு. சுஐபுகூட ஒத்துக்கொண்டு பிரியாணி போட்டான். அத்தியாயத்தின் கடைசியில், வழி தவறி வந்த இடையன் ஒருவன் மணிக்கயிற்றைப் பிடித்து நிற்கிறான். 'அடி, அடி' என்று வாசகர்கள் ஆப்பில் எழுதித் தள்ளினார்கள். பாலகுருவுக்கும் அடித்துவிடத்தான் ஆசை. கதையிலாவது மாயாண்டி எழுந்து ஒரு வார்த்தை பேசினால் தனக்கு அழுகையாவது வரும் என்று நினைத்தான்.

காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நாகவள்ளி மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த ஆட்டுக்காரனை மணியடிக்க விட்றாதீக."

"ஏம்மா? எந்திரிச்சு வரட்டுமே."

"எந்திரிச்சா மறுபடி டூட்டிக்குத்தானண்ணே போகணும்? தூங்கட்டும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, இடையனைக் கயிற்றை விட வைத்தான். அழுகை அப்போதும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது. சைட் வந்ததும் யாரோ தோளைத் தட்டி எழுப்பிவிட்டார்கள்.