உமிப்புகையில் கேட்ட இருமல்

பிள்ளைகளே, உங்கள் அத்தை கடைசியாக நம் வீட்டில் படுத்திருந்தபோது அவளுடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைக்கச் சொன்னவன் நான்தான். அத்தை பக்கம் போகாதீர்கள் என்று உங்களை அதட்டியதும் நான்தான். அது தப்பு. எப்படித் தப்பு என்று எழுதி வைக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வராது.

அக்காவும் நானும் நன்னிலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் இடத்தில் வேலை பார்த்தோம். அங்கே அடுப்புக்கு உமிதான். அதன் புகையும் தொட்டியிலிருந்து எழும் ஆவியும் கலந்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. அக்கா எங்கே நிற்கிறாள் என்பதை அவள் இருமலை வைத்துத்தான் கண்டுகொள்வேன். சின்னதாக இரண்டு, இழுத்து ஒன்று.

எக்ஸ்ரேயில் அவள் நெஞ்சில் ஒரு நிழல் தெரிந்தது. இருமல், இளைப்பு, நிழல் மூன்றும் சேர்ந்தால் எங்கள் பக்கம் அது டிபிதான். சளியில் கிருமி இல்லை என்று வந்தும், முதலில் பார்த்த டாக்டர் டிபி மாத்திரைதான் கொடுத்தார். புற்றுநோயாக இருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் பீடி பிடித்தவளா என்ன? தனித் தட்டு வைத்த அன்று, "நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்கிறியேடா" என்று சிரித்தாள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். நிழல் வளர்ந்துகொண்டே போனது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், நுரையீரல் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தொற்றவே தொற்றாத நோய்க்காக அவளை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். காலை பத்து மணி, நல்ல வெயில். தொட்டியைத் திறந்ததும் ஆவி சூழ்ந்தது. அதற்குள் அக்கா இருமினாள். சின்னதாக இரண்டு, இழுத்து ஒன்று.

தொட்டியைச் சுற்றி வந்தேன். யாருமில்லை. ஈரத் தரையில் என் கால்தடம் மட்டும்தான். மறுபடியும் அதே இருமல், இந்த முறை காதுக்கு ரொம்பப் பக்கத்தில். ஆவி கலைந்தபோது உமி தள்ளும் பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா சத்தம் கேட்டுச்சாண்ணே?"

"சத்தம் கேட்டுச்சு. இருமுனது நீதான்டா."

"நானா?"

"பத்துப் பதினஞ்சு நாளா இருமுற. செத்தவளப் போல இருமிக் காட்டுறானே, என்ன புத்தி இவனுக்குன்னு நெனச்சேன்."

நான் இருமியது எனக்கே தெரியவில்லை. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் படிவத்தை நிரப்பினார். "பீடி, சிகரெட் உண்டா?"

"இல்லம்மா."

"அப்ப பயப்படாதீங்க. சிரப் தருவாங்க, வாங்கிட்டுப் போங்க."

"எங்கக்காவும் பிடிச்சதில்லம்மா. போன மாசம் நுரையீரல் புத்துல போயிட்டா."

அவர் பேனா நின்றது. என்னை டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "யாரைச் சோதிக்கணும்னு இருக்கிற விதியெல்லாம் முக்காவாசி வெளிநாட்டுல, சிகரெட் பிடிக்கிறவங்களப் பாத்து எழுதினது. நம்ம பக்கம் பிடிக்காதவங்களுக்கும் வருது. உங்கக்காவுக்கு இந்தப் புகையாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா புகை உள்ள போய் மரபணு மேல சின்னச் சின்னக் குறி வைக்கும். மரபணுவோட எழுத்து அப்படியே இருக்கும். எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணுங்கிறது மட்டும் மாறிடும். அந்தக் குறியை ரத்தத்துல படிச்சு நோயை முன்னாடியே கண்டுபிடிக்கப் பாக்குறாங்க."

"எனக்கும் அதைப் படிச்சுச் சொல்லுங்களேன்."

"அந்தச் சோதனையப் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தத்த வச்சுத்தான் பழக்கியிருக்காங்க. உங்க ரத்தத்த சரியா படிக்குமான்னு தெரியாது. ஸ்கேன் எடுத்துருவோம்."

எனக்குள் யாரோ எதையோ எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் படிக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டே ஸ்கேனுக்காகச் சட்டையைக் கழற்றினேன். சட்டைப் பொத்தான்கூட என்னுடையது இல்லை போலிருந்தது.

ஸ்கேனில் வலது பக்கம் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு புள்ளி. "மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம். அப்படியே இருந்தா நல்லது. வளர்ந்தாலும் இந்த அளவுல அறுத்து எடுத்துடலாம். நாள் தவறாம வாங்க, அவ்வளவுதான்."

"எம் பிள்ளைங்களுக்கும் இந்தக் குறி வருமா டாக்டரம்மா?"

"உங்ககிட்டேருந்து போகும்னு சொல்ல முடியாது. ஆனா ஒரே வீட்டுப் புகைய எல்லாரும்தானே குடிக்கிறீங்க."

அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. புள்ளி என்ன ஆனது என்று அன்றைக்குத்தான் தெரியும். எதுவானாலும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஸ்கேன் முடிவு வந்த அன்று நான் வீடு திரும்பியபோது நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. அம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நீங்கள் குளிக்க வெந்நீர் போடும் உமி அடுப்பு கொல்லையில் இருந்தது. கடப்பாரையால் அதைப் பெயர்த்தேன். கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் போட்டேன். காலையில் மூட்டிய அடுப்புதான். கடைசிக் கல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.