எலுமிச்சைக் கிளையில் ஒரு பொட்டலம்

இரு முனையிலும் சணல் முறுக்கிக் கட்டிய அந்த பிளாஸ்டிக் பொட்டலம், கிளையில் மாட்டிய பெரிய மிட்டாய் போல இருக்கும். சதுரங்கப்பட்டினத்து வீட்டின் பின்புறம், பல் துலக்கும் முன்பே அக்கா அதன் எதிரில் போய் நின்றுவிடுவாள். உள்ளே வெள்ளையாக வேர் தெரிகிறதா என்பதுதான் அப்போது எங்கள் குடும்பத்தின் தலைப்புச் செய்தி.

அது வாடகை வீடு. உரிமையாளர் மனையை விடுதி கட்டுகிறவருக்கு விற்றுவிட்டார். பொங்கலுக்குள் காலி செய்ய வேண்டும். அக்கா குடிபோக இருந்ததோ செங்கல்பட்டில், கைப்பிடி மண்கூட இல்லாத இரண்டாம் மாடிக்கு. விதை போட்டு அவள் வளர்த்த எலுமிச்சை ஒன்றுதான் அந்த மனையில் அவளுடையது. "மரத்த தூக்கிகினு போவ முடியாதுடா. ஒரு கெளையாவது கூட்டிகினு போறேன்" என்றாள்.

கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைக்கும் விண்பதியம் போட்டு, வேர்விட்டதும் அதைத் தட்டைத் தொட்டியில் போன்சாயாக வளர்ப்பது என்று முடிவு செய்தோம். கட்டைவிரல் பருமனில், தானாகவே அழகாக வளைந்திருந்த கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தேன். அடியிலிருந்த வழுவழுப்பையும் சுரண்டிவிட்டு, ஈரமான தேங்காய் நார்த்தூளைச் சுற்றிக் கட்டினோம். ஆடி போய் ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்தது. வேர் வரவில்லை, இலைகளின் ஓரம் கருகியது. அக்கா பொட்டலத்தைப் பிரித்து, தூளைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். தூள் வந்தது பக்கத்துக் கயிற்றுக் களத்திலிருந்து. அங்கே தேங்காய் மட்டையை ஊறவைப்பது கழிமுகத்து உப்புத் தண்ணீரில். இங்கேயே பிறந்த எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

"வேரா வுடும் இது? கருவாடு போட்டு வெச்சிகீறோம்."

சிரித்து முடிப்பதற்குள் அடுத்த கிளையைப் பிடித்துவிட்டாள். ஐப்பசி மழைத் தண்ணீரில் தூளைத் திரும்பத் திரும்ப அலசினோம்; உப்பு போனதா என்று ஒவ்வொரு முறையும் அவளே நக்கிப் பார்த்தாள். "சாமான் கட்றியா, கெளைக்கு பிரசவம் பாக்கிறியா?" என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, கேலி செய்துகொண்டே இருந்தார்.

போகிக்கு முந்தைய வாரம் அலுவலகத்துக்கு அக்காவின் அழைப்பு வந்தது. "வந்துகீதுடா. வெள்ளையா, நண்டுக்கால் மாதிரி." சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வேருக்குக் கீழே ரம்பம் வைத்து அறுத்தேன். அவள் கிளையைக் குழந்தைபோல் ஏந்திக்கொண்டாள். வீடு மாறிய அன்று, வேனின் முன் இருக்கையில் அக்கா மடியில் தொட்டி. மாமா பின்னால் பீரோவோடு வந்தார்.

அந்தக் குட்டை மரம் இப்போது செங்கல்பட்டு பால்கனியில் காய்க்கிறது. அக்காவின் மகள் கல்யாணமாகி ஓசூருக்கு, அதுவும் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறாள். நேற்று அந்த மரத்தின் கிளையொன்றில் சின்னஞ்சிறு பொட்டலம் கட்டினோம். கட்டும் முன் அக்கா ஒரு சிட்டிகைத் தூளை என் முன் நீட்டினாள்.

நக்கிப் பார்த்தேன். உப்பில்லை.