ஐந்தாவது நகம்

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. எனக்குப் பொறுமை குறைவு, ஆனால் கை நடுங்காது. அதனால்தான் சீன அரண்மனைக்கென்று செய்த அந்தச் சிவப்புப் பெட்டி என்னிடம் வந்தது. மரப்பாலைப் பூசி, காய்ந்தபின் மறுபடி மறுபடி பூசி, பூச்சு நன்றாகத் தடித்த பிறகு செதுக்கிய வேலை. மூடி முழுக்க மேகங்கள், நீண்ட ஆயுளுக்காகப் பீச் பழங்கள், நடுவில் ஒரு டிராகன்.

அதன் முன்காலில் நாலு நகங்கள்தான் இருந்தன. ஐந்தாவது இருந்த இடம் வெறுமை.

"கண்காட்சிக்கு முன்பு ஒட்டிவிடுங்கள்," என்றார் மேலாளர். நானும் அதே சிவப்பில் கலவை தயாரித்துவிட்டேன். கடைசியாக ஒருமுறை உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் கை நின்றது. நான்கு கால்களிலும் அதே நகம் இல்லை. உடைந்ததென்றால் இவ்வளவு ஒழுங்காகவா உடையும்? கத்தியால் சுரண்டிய தடம் தெளிவாகத் தெரிந்தது.

ஐந்து நக டிராகன் பேரரசருக்கே உரியது. அப்படியொரு பொருள் இன்னொருவர் கைக்குப் போகும்போது ஒரு நகத்தை எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. அதை நான் ஒட்டினால் பெட்டியின் பாதிக் கதையை அழித்தவளாவேன்.

ஒட்டமாட்டேன் என்றேன். "நீங்கள் சொல்வது பிழையென்றால் இந்தப் பெட்டி வேறொருவரிடம் போகும்," என்றார் அவர். போகட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். படங்கள் வெளிநாட்டு நிபுணர் ஒருவருக்குப் போயின. நான் சொன்னதே சரி என்று பதில் வந்த அன்று, பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீடு போனேன்.

திறப்பு நாளில், முதியோர் இல்ல வேலை முடிந்த கையோடு அம்மா பட்டுச்சேலையில் வந்தார். கண்ணாடிப் பேழைக்குள் குனிந்து பார்த்தார்.

"பிள்ளை, ஒரு நகம் குறையுதெல்லோ?"

"ஓம் அம்மா. அதை ஒட்டக்கூடாதெண்டு நிண்டது நான்தான்."

"அப்ப ஒண்டும் செய்யாமல் விடுறதுக்கோ இவ்வளவு படிச்சனி?"

கதையைச் சொன்னேன். ம் என்றதோடு சரி. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பழச்சாறு எடுத்துக்கொண்டு திரும்பினால், அம்மா முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் பெண்ணை மறித்து வைத்திருந்தார். டிராகனின் காலைச் சுட்டிக்காட்டி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் உரத்துச் சொன்னார்: "இங்கே ஒன்று இல்லை, பார்த்தீர்களா? அது என் மகளின் வேலை."