பசியாறியபின் ஒன்று

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் இலவச மருத்துவ நிலையத்தில் ஞாயிறுதோறும் மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான். மோகனப்பிரியா ஈசூனிலிருந்து தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். பாலிடெக்னிக்கில் கணினி ஆசிரியை. இல்லாத கடைக்கு இல்லாத சரக்குப் பட்டியல் போடும் பாடப்புத்தகப் பயிற்சியெல்லாம் அவருக்கு ஆகாது. "யாருக்காவது உதவுற மாதிரி செய்யுங்க. செஞ்சத பூட்டி வெக்காதீங்க" என்பார்.

அப்படிப் பிறந்ததுதான் மருந்துச் சீட்டைத் தமிழில் அச்சிடும் எங்கள் செயலி. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர்களின் பெயரை மட்டும் நீக்கக்கூடாது. இந்த விதியை அவரோடு உட்கார்ந்து எழுதியவர் சுந்தரேசன், பக்கத்து மேசை ஆசிரியர், பன்னிரண்டு வருட நண்பர்.

முதல் மாதமே ஒரு தவறு நடந்தது. மாணவி ரக்ஷனா இரத்த அழுத்த மாத்திரைக்கு 'பசியாறியபின் ஒன்று' என்று எழுதிவிட்டாள். இங்கே பிறந்த எங்களுக்குப் பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலைசெய்யும் அழகேசன் திருவாரூர்க்காரர்; அவருக்கு எந்த வேளைச் சாப்பாடும் பசியாறுவதுதான். மூன்று வேளையும் சாப்பிட்டு மூன்று மாத்திரை விழுங்கி, தலைசுற்றி வந்து நின்றார். ரக்ஷனா அழுதாள். பிறகு நான்கு ஞாயிறு தொழிலாளர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாசித்துக்காட்டித் திருத்தினாள். எந்த வகுப்பறையும் அவளுக்கு அதைக் கற்றுத் தந்திருக்காது.

சுந்தரேசன் வேலையை விட்டு நிறுவனம் தொடங்கினார். போன மாதம் அதன் மருந்துச் சீட்டுச் செயலிக்கு அறிமுக விழா. மோகனப்பிரியா தன் வீட்டு விசேஷம் போலப் பட்டுடுத்தி வந்திருந்தார். "முழுக்க எங்கள் சொந்த உழைப்பு" என்று மேடையில் முழங்கினார் சுந்தரேசன். திரையில் மாதிரிச் சீட்டு வந்தது: பசியாறியபின் ஒன்று.

"மிஸ், அது என்னோட தப்பு லா!" என்றாள் ரக்ஷனா.

திருத்துவதற்கு முந்தைய எங்கள் நிரலை அப்படியே தூக்கியிருக்கிறார். பெயர்களைத் துடைத்தவர் தவறைத் துடைக்க மறந்துவிட்டார்.

விழா முடிந்ததும் மோகனப்பிரியா அவரிடம் போனார். "எங்க பசங்க பேரெல்லாம் எங்க, சுந்தர்?"

"அசைன்மென்ட்தானே பிரியா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு நீதானே சொன்ன?"

மோகனப்பிரியா சண்டை போடவில்லை. அந்தச் சீட்டு அடுத்த வாரம் ஆறு தொழிலாளர் தங்கும் விடுதிகளுக்குப் போகவிருந்தது. இன்னும் எத்தனை அழகேசன்களோ. அன்றே ரக்ஷனாவின் திருத்தத்தைச் சுந்தரேசனுக்கே அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள் புதிய பதிப்பு வந்தது. சீட்டு சரியாக இருந்தது. கீழே, 'திருத்தம்: சுந்தரேசன்.'

ஞாயிற்றுக்கிழமை ரக்ஷனா மடிக்கணினியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். "மிஸ், புது ப்ராஜெக்ட்ட பூட்டி வெச்சிடலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"உன் இஷ்டம்மா" என்றார் மோகனப்பிரியா.