விருந்தாளியின் பேர்

உப்புப் பாத்தியில் இறங்கும் முன் தனகோடி வானத்துக்கு ஒரு கும்பிடு போடுவார். "விருந்தாளி, இன்னிக்கு எங்க வூட்ல சோறு ஆக்கல. ஐப்பசில வாங்க."

விருந்தாளி என்றால் மழை. உப்பு வாரும் மாதங்களில் அந்த இரண்டெழுத்தை அவர் வாயால் சொல்லமாட்டார், சொன்னால் வந்துவிடுமாம். மற்றதெல்லாம் சொல்வார். மரக்காணத்து வெயிலில் தன் நிழலே கருகி நாற்றமடித்தது என்பார். தன் தாத்தா குவித்த உப்பின்மேல் ஏறினால் பாண்டிச்சேரியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும் என்பார். அவர் குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. "உள்ள நண்டு ஒன்னு குடித்தனம் இருக்குது. மூணு புள்ளைங்க."

போன பங்குனியில் விருந்தாளி சொல்லாமல் வந்து, பத்துக் குடும்பங்கள் நாற்பது நாள் வாரிய உப்பு அரைமணி நேரத்தில் கரைந்து வாய்க்காலில் போனது.

இந்தப் பங்குனியில் கீதாஞ்சலி டீச்சர் ஐந்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்கே வந்துவிட்டார். "பருவநிலை மாற்றம்னு பாடம்ணே. புக்கைத் தொறந்தா கொட்டாவி விடுறாங்க. நீங்க சொல்லுங்க."

"நான் மூணாவதோட ஸ்கூலுக்கு டாட்டா காட்டினவன் டீச்சர்" என்றபடியே பிள்ளைகளை வரப்பில் உட்கார வைத்தார் தனகோடி. "தண்ணி ஆவியாப் போவுது, உப்பு கீழ நிக்குது. சரியா? நாம வண்டி, கம்பெனின்னு பொகை வுட்டு வுட்டு பூமிக்குக் கம்பளி போத்திட்டோம். கடலு வெந்நீர் அண்டாவாட்டம் ஆயிடுச்சு. ஆவி ஜாஸ்தி. அதான் ஐப்பசில சொல்லிட்டு வர்ற விருந்தாளி, பங்குனில பொட்டி படுக்கையோட வந்து நிக்கிறாரு."

"உங்க மோட்டாரும்தான் பொகை வுடுது மாமா" என்றாள் முன்வரிசையில் இருந்த நிவேதா.

உப்புத்தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் பின்னால் கறுப்பாகக் கக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பதிலுக்கு ஒரு கிண்டல் வரும் என்று காத்திருந்தார்கள்.

"ஆமாம்மா" என்றார். "நானுந்தான்."

எழுந்து போய் இன்ஜினை நிறுத்தினார். அந்த அமைதியில்தான் மேற்கே இடி உறுமுவது கேட்டது.

பத்துக் குடும்பத்து உப்பும் ஒரே குவியலாக மேட்டில் திறந்து கிடந்தது, மூடும் தார்ப்பாய் பக்கத்தில் கிடந்தது. ஆட்கள் பனைமரத்தடியில் படுத்திருந்தார்கள்.

"விருந்தாளி வந்துட்டாரு, எழுந்திருங்கடா!"

"இந்த வாரத்துல இது நாலாவது விருந்தாளி" என்று பாலகுரு திரும்பிப் படுத்தான். "போய் நண்டைத் தாலாட்டுய்யா!"

பொய்யில்லை. முன்பு மூன்று முறையும் சும்மா எழுப்பிவிட்டுச் சிரித்தவர்தான் அவர்.

"நீங்க மட்டும் இழுத்து மூட முடியாதா மாமா?" என்றாள் நிவேதா.

"ஒரு மூலைய மூடலாம். மத்த மூணு மூலைல எறங்குற தண்ணி, இது தனகோடி உப்புன்னு ஒதுங்கிப் போவுமா?"

முதல் காற்று வந்தது. தார்ப்பாய் படபடத்தது. தனகோடி குவியலின்மேல் ஏறினார்.

"மழைடா! டேய், மழை வருதுடா!"

பாலகுரு துள்ளி எழுந்தான். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அத்தனை பேரும் மேட்டை நோக்கி ஓடிவந்தார்கள்.

தனகோடி தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அந்தக் கையாலேயே தார்ப்பாயின் நுனியைப் பிடித்தார்.